நெட்டையன் பெஞ்சில் இருந்த ஞாயிறு

மூன்று மணி பத்து நிமிஷம்வரைக்கும் நேரம் இருந்தது. அதுவரை அவனை இறக்கலாம், இறக்காமலும் இருக்கலாம், ஒரு விரல் தொட்டால் போதும், பெஞ்சில் இருக்கிறவன் களத்துக்கு வந்துவிடுவான், இன்னொரு தரம் தொட்டால் மறுபடி பெஞ்சுக்குப் போய்விடுவான். காலையிலிருந்து ஆறு தடவை அவனை எழுப்பி உட்கார வைத்தாயிற்று. இப்போது உட்கார்ந்திருக்கிறான், இருக்கட்டும் என்று ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள் பகவதி. டயர் கடையின் காத்திருப்பு அறையில் ரப்பர் வாசனை தொண்டைவரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய கார் நான்கு கால்களும் இல்லாமல் அந்தரத்தில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது, பார்க்கவே கூச்சமாக இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெரிந்தவர்களைப் பார்ப்பது போல. மூன்று டயர் இருக்கிறது, நான்காவது வேறு கிளையிலிருந்து வரவேண்டும், இரண்டு மணி நேரம் ஆகும், மூன்றும் ஆகலாம் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னபோது பகவதிக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் இருந்தால் நீலகண்டன் இருப்பார். நீலகண்டன் இருந்தால் யோசனை சொல்லுவார். யோசனை கேட்காத இடத்தில் உட்கார்ந்துதான் இதை முடிக்க வேண்டும் என்று நேற்றே தீர்மானித்து, இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கக்கூடிய டயர்களை மாற்ற வந்திருந்தாள். மாட்டியிருந்த டிவியில் பேஸ்பால் இல்லை. செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒஹாயோவில் யார் பேஸ்பால் பார்க்கிறார்கள், எல்லாரும் ஃபுட்பாலுக்குப் போயாயிற்று. எதிர் நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நல்லது. அவளுக்குப் படம் வேண்டாம், எண்கள் போதும். எண்கள் கூச்சல் போடுவதில்லை.

ஐந்து, நான்கு, ஒன்று. ஐந்து அவளுக்கு, நான்கு எதிராளி எபனேசருக்கு, ஒன்று சமம். பத்துக் கணக்கு. நிஜ ஆட்டக்காரர்களை மார்ச் மாதம் ஆளுக்கு ஒருவராக முறைவைத்து எடுத்துக்கொண்டு, போன வருஷத்து ஆள் ஒருவனை வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் எங்கேயோ நிஜ மைதானங்களில் ஆடுவதை வைத்து இங்கே கற்பனை அணிகளுக்குள் மோதுகிற விளையாட்டு இது. யாருடைய ஆட்கள் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பி அதிகம் ஹோம் ரன் அடித்தார்கள், யாருக்காகப் பந்து எறிகிற பிட்சர்கள் குறைவாக ரன் விட்டார்கள் என்று பத்து வகையில் பார்த்து, அதிக வகையில் முந்தினவர் அந்த வாரம் ஜெயித்தவர். இது கடைசி வாரம், இறுதிப்போட்டி, கடைசி நாள். இப்படியே போனால் அவள்தான் ஜெயித்தவள். அவள் கையில் இருக்கிற ஐந்தில் இரண்டு, பிட்சர்களுடைய சராசரி, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை ரன் விட்டார்கள், எத்தனை பேரை பேஸில் ஏறவிட்டார்கள். இரண்டிலும் அவள் முன்னால் இருந்தாள், மயிரிழையில். பெஞ்சில் இருக்கிற பிட்சர் நெட்டையனை இறக்கி, அவன் இன்று அடி வாங்கினால் இரண்டும் ஒரே இழுப்பில் போய்விடும். நன்றாக எறிந்து ஜெயித்தால் சமமாக நிற்கிற ஒன்று, பிட்சர்களின் ஜெயிப்புக் கணக்கு, அவள் பக்கம் சாயும், ஆறு நான்கு, எபனேசர் என்ன செய்தாலும் அசைக்க முடியாது. இறக்காவிட்டால் எபனேசருடைய ஆட்கள் இரண்டு ஹோம் ரன் அடிக்காமல் இருக்கவேண்டும். அடித்துவிட்டால் ஹோம் ரன் கணக்கும் சமமாகிவிடும், நாலுக்கு நாலு, அப்போது சீசன் முழுக்க மேலே இருந்தவருக்குத்தான் கோப்பை என்பது விதி. மேலே இருந்தவர் எபனேசர். எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும் இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் மனசு ஏன் செக்கு சுற்றுகிறது.

ஃபோன் அதிர்ந்தது. எபனேசரின் குரல்செய்தி. காதில் வைத்துக் கேட்டாள். “மதினி, எபனேசர் பேசுதேன். என்ன, நெட்டையன பெஞ்சில உக்கார வச்சிருக்கிய? ஃபைனல் மதினி இது. மாப்பிள்ளைய வாசல்ல நிறுத்திட்டு பந்தி போட்ட மாதிரில்லா இருக்கு. மே மாசத்துலேருந்து அவன வச்சு எங்கள எல்லாம் அழவச்சிட்டு இன்னைக்கு ஒளிச்சு வச்சா எப்படி? தைரியமா எறக்குங்க, நாங்களும் பாக்கோம்.” பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம். பேஸ்மெண்டில் கூடியிருக்கிறார்கள் போல, ஒரே கல்லூரி, ஒரே பேட்ச், பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் பிறந்து கொலம்பஸ் வந்து நரைத்தவர்கள். பகவதிக்கும் சிரிப்பு வந்தது. எபனேசருக்குப் பயம். பயம் இல்லாதவன் எதற்கு வீரத்தைப் பற்றிப் பேசுகிறான். அவன் ஒவ்வொரு மார்ச்சிலும் பெரிய பெயர்களை எடுப்பான், ஜெயிக்கிற அணிகளின் ராஜாக்களை, சட்டைக்குப் பின்னால் எழுதி விற்கிற பெயர்களை. அவள் எடுப்பது தோற்கிற அணிகளில் தினமும் ஆஜர் ஆகிற ஆட்களை. மற்றவர்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தார்கள். தோற்கிற அணிக்காரனுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாது, அவன் கடைசி நாள்வரைக்கும் ஓடுவான். ஜெயித்துத் தேறிவிட்ட அணிக்காரனுக்குக் கடைசி நாளில் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். இதை மூன்றாவது வருஷமே கண்டுபிடித்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இன்று மத்தியானம் வந்த பட்டியலில் எபனேசரின் ஒன்பது ராஜாக்களில் ஐந்து பேருக்கு ஓய்வு. மீதி நான்கு. நான்கு பேர் ஒரே சாயங்காலத்தில் இரண்டு ஹோம் ரன் அடிப்பது பத்தில் ஒருநாள் நடக்கும், அதற்கும் குறைவுதான். நெட்டையனோ கடைசிப் பதினாலு ஆட்டத்தில் ஐந்தில் அவளால் தாங்கமுடியாத அளவு ரன் விட்டிருந்தான். பதினாலில் ஐந்து எங்கே, பத்தில் ஒன்று எங்கே. புள்ளியியல் படித்தது வீணாகப் போகவில்லை என்று ஒருமுறை தோன்றியது, முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் கல்லூரி மைதானத்து வாகைமரத்தடியில் நிகழ்தகவுப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த ஒல்லியான பெண்ணிடம் போய் இதைச் சொல்லவேண்டும் போல இருந்தது. அவள் நம்பமாட்டாள். அவளுக்கு அப்போது பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது, ஒஹாயோ என்றால் வரைபடத்தில் ஒரு பச்சை.

பேருக்கு ஒரு ஆள் என்றுதான் சேர்த்தார்கள். ஆறு வருஷம் முன்னால் ஒருவர் டெக்ஸாஸ் போய்விட்டதால் பதினொன்றாகிவிட்டது, ஒற்றைப்படையில் ஆட முடியாது, அவள் அப்போது எபனேசரின் அடுக்களையில் ரசவடையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். மதினிய போடு, நீலம் பாத்துக்கிடுவான் என்றது ஒரு குரல். நீலம் பார்த்துக்கொள்ளவில்லை. முதல் வருஷம் அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, தன் முறை வந்தபோது ஈரக்கையோடு கதவில் நின்று பெயர் சொன்னாள், எல்லாரும் கைதட்டினார்கள், குழந்தை பாட்டுப்பாடினால் தட்டுவது மாதிரி. எட்டாவது வந்தாள். அடுத்த வருஷம் ஆறு. ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இருபத்திரண்டு வருஷ வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எது ஐந்து நாளில் கெட்டுப்போகும், எது நாற்பது நாள் தாங்கும், எது எல்லாருக்கும் பொருந்தும் என்பது. இரண்டு மூன்று இடத்தில் ஆடத்தெரிந்தவனை முதலில் பிடித்து வைப்பாள், எவனுக்கு அடிபட்டாலும் அவன் போய் நிற்பான். கடைசி நேரத்தில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிற பிட்சர்கள் ஒரு மாதம்கூட நிலைக்கமாட்டார்கள், அந்தக் கணக்கையே வருஷம் முழுக்க எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மற்ற ஒன்பதில் நிற்பாள். உள்ளூர் அணிக்காரன் ஒருவன் நாலு நாள் நன்றாக அடித்தால் போதும், இந்த எண்பத்திரண்டாம் வருஷ பேட்ச் ஆட்களுக்குக் கண்ணீர் வந்துவிடும், அன்றைக்கே அவனை அவர்களிடம் தள்ளிவிட்டு இரண்டு நல்ல ஆட்களை வாங்கிக்கொள்வாள். நெட்டையனும் அவள் கணக்குப் பார்த்துப் பிடித்தவன்தான். மொராண்டே என்று பெயர், ஆறடி எட்டங்குலம், மே மாதம் யாருக்கும் வேண்டாதவனாகக் கிடந்தான். பந்து வேகம் குறையவில்லை, பிடிக்கிறவன்தான் சரியில்லை, பிடிக்கிறவனை மாற்றியிருக்கிறார்கள் என்று அவன் ஆடுகிற ஊர்ப் பத்திரிகையில் ஓர் ஓரத்தில் படித்தாள், அன்று காலை காபி ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டாள். அவனை இன்று உட்கார வைத்திருப்பது உறுத்துகிறது. இது அவனுக்குத் தெரியப்போவதே இல்லை, அவன் எங்கேயோ ஒரு மைதானத்தில் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறான், டயர் கடையில் ஒரு பகவதி இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும். ஆனாலும் உறுத்துகிறது.

இரண்டு ஐம்பதுக்கு நீலகண்டன் கூப்பிட்டார். எடுக்காமல் விடலாம் என்று நினைத்தபடியே எடுத்தாள். “ஏட்டி, டயர் முடிஞ்சுதா?” “இல்ல. ஒண்ணு வரணும்.” “சரி. நெட்டையன இன்னும் எறக்கலயா நீ? எபனேசர் ஆளுவ நாலு பேரு ஆடுதானுவ, ரெண்டு அடி போதும்ட்டி. நெட்டையன் ஒரு ஜெயிப்பு எடுத்துக் குடுத்தான்னா ஆறு நாலு, நிம்மதியா சோறு திங்கலாம்.” “போன வருஷமும் இததான சொன்னிய.” “போன வருஷம் வேற. அவன் வேற ஆளு.” “பத்தாவது எடத்துல முடிச்சவிய யோசன சொல்லுதிய.” “எடத்துக்கும் யோசனைக்கும் என்னட்டி சம்பந்தம்” என்றார். வரும்போது பால் வாங்கிக்கொண்டு வரச் சொல்லி வைத்துவிட்டார். போன வருஷம். போன வருஷம் இதே ஞாயிறு, இதே இறுதிப்போட்டி, அவள் முன்னால் இருந்தாள், இதைவிட நன்றாகவே இருந்தாள். நீலகண்டன் சோபாவுக்குப் பின்னால் நின்று இறக்குட்டி, சும்மா இருந்து ஜெயிச்சா ஜெயிப்பா அது என்றார், அவளும் இறக்கினாள். அந்தப் பிட்சர் இரண்டே பேரைத்தான் அவுட்டாக்கினான், அதற்குள் ஏழு ரன். ஆறு மாதமாகச் சேர்த்தது அரைமணி நேரத்தில். இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது, ஜெயித்து முடித்த ஆட்டத்தை மறுபடி ஆடப்போவது. அன்று அவள் அழவில்லை, குளிக்கப்போனாள், தண்ணீர் சூடாக வந்துகொண்டேயிருந்தது.

அப்போது அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. இப்போது இருக்கிறது. அதுதான் சிக்கல், அங்கேதான் நூல் மாட்டிக்கொள்கிறது. ஆகஸ்டில் எபனேசர் குழுவில் எழுதினான், ஆள் அதிகம், அடுத்த வருஷம் பத்து அணிதான், வீட்டுக்கு ஒரு அணி, ஒரே வீட்டில் இரண்டு இருந்தால் கடைசியாகக் கோப்பை எடுத்தவருக்கு இடம். இரண்டு அணி இருக்கிற வீடுகள் இரண்டு. நீலகண்டன் இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு கோப்பை எடுத்திருக்கிறார், அதற்குப் பிறகு ஐந்துக்கு மேலே வந்ததில்லை, ஆனால் கோப்பை கோப்பைதான். அவளிடம் கோப்பை இல்லை. இன்று தோற்றால் அவளுடைய இடம் போகும். ஜெயித்தால் அவருடையது போகும். எபனேசரின் செய்திக்குக் கீழே கட்டைவிரல் கட்டைவிரலாகச் சம்மதங்கள் வந்தன, ஆறாவது கட்டைவிரல் நீலகண்டனுடையது. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவர் விரல் போய் அமுக்கியதைப் பார்த்தாள். கேட்டதற்கு, விதின்னா விதிதான என்றார். அன்று அவள் நான்காவது இடத்தில் இருந்தாள், யாரும் அவள் இறுதிக்கு வருவாள் என்று நினைக்கவில்லை, அவரும்தான். இப்போது இறக்கு இறக்கு என்கிறாரே, அது அவர் அறிந்த அறிவா, அல்லது அவருக்கே தெரியாமல் உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்துகொண்டு தன் நாற்காலியைக் காப்பாற்றுகிறானா. முப்பத்துநாலு வருஷம் ஒருவரோடு படுத்து எழுந்தும் இது தெரியவில்லை என்றால் என்ன வாழ்க்கை. தெரியும், தெரியாமலென்ன. கார் வாங்கப்போனால் வேகமானதைக் கேட்பார், சாலையில் மஞ்சள் விளக்கைப் பார்த்தால் அமுக்குவார், வீடு விற்கும்போது காத்திருக்கத் தெரியாது. அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான், அதனால்தான் பத்தாவது இடம். ஆனால் விரல் போய் அமுக்கியதே. அதுவும் அவர் விரல்தானே. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரு மனுஷன் ஒரே நேரத்தில் நல்லவனாகவும் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டவனாகவும் இருக்கலாம். மூன்று ஏழு. ஃபோனைத் திருப்பினாள். நெட்டையனின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது, தொட்டால் வெளிச்சமாகும். விரலை அதற்கு மேலே வைத்திருந்தாள், தொடவில்லை, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் பன்னிரண்டு பேரில் இந்த விரலை இப்படி அந்தரத்தில் வைத்திருக்கத் தெரிந்தது தனக்கு மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதை அடக்கிக்கொள்ளவில்லை. மூன்று ஒன்பது. மூன்று பத்து. பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு விழுந்தது. இனி யாராலும் ஆகப்போவதில்லை.

பிறகு நேரம் வேறுமாதிரி ஓடியது. கிழவரின் கார் முடிந்து அவர் எழுந்துபோனார், குழந்தையோடு ஒரு பெண் வந்தாள், குழந்தை தண்ணீர்க் குழாயில் பேப்பர்க் கோப்பையைப் பிடித்துப் பிடித்துக் கொட்டியது. நெட்டையன் முதல் மூன்று பேரையும் அவுட்டாக்கினான். இரண்டாவது சுற்றிலும் மூன்று பேர். நாலாவது சுற்று முடிகிறபோது அவன் ஒருவனைக்கூட பேஸில் ஏறவிட்டிருக்கவில்லை. குழுவில் செய்திகள் கொட்டின, ஐயோ மதினி, பெஞ்சில மழை பெய்யுது மதினி, சட்டி நெறைய மீன்கொழம்ப வச்சிக்கிட்டு ஊறுகா தொட்டுத் திங்கியளே. அவன் எறிவது ஒவ்வொன்றும் எங்கேயோ காற்றில் போகிறது, யாருடைய கணக்கிலும் விழாமல், அவளுக்கென்று எறிந்தும் அவளிடம் வந்து சேராமல். அப்படி எத்தனை போயிருக்கிறது வாழ்க்கையில், யார் எண்ணினார்கள். நான்கு மணி இருபதுக்கு எபனேசரின் ஆள் ஒருவன் ஹோம் ரன் அடித்தான். ஒன்று. பத்தில் ஒன்று என்று யார் சொன்னது, நீதானே சொன்னாய், பத்தில் ஒன்று என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள், அபூர்வமானது நடக்கும், நடக்கும்போது அது யாருக்கு நடக்கிறது என்று பார்க்காது. காதுக்குள் நீலகண்டன் இறக்குட்டி என்றார். நான்காவது டயர் வந்துவிட்டதாகக் கவுண்டர்ப் பெண் சொன்னாள், பகவதி தலையாட்டினாள், என்ன சொன்னாள் என்று பிறகுதான் உறைத்தது. நெட்டையன் ஏழு சுற்றில் பதினொரு பேரை நிற்கவைத்தே அவுட்டாக்கிவிட்டு, ஒரு ரன்னும் கொடுக்காமல் போய் உட்கார்ந்தான். எபனேசரின் கடைசி ஆளுக்கு ஒன்பதாவது சுற்றில் முறை வந்தது. மற்ற மூன்று பேருடைய ஆட்டங்களும் முடிந்திருந்தன. திரையில் வெறும் எழுத்து, பந்து ஒன்று, பந்து இரண்டு, பந்து மூன்று. அப்புறம் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் எங்கேயோ ஒரு மைதானத்தில் பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது, எவ்வளவு தூரம் என்பது தெரியவில்லை, அந்தப் பக்கம் முப்பதாயிரம் பேர் எழுந்து நின்று பார்க்கிற ஒன்றை அவள் இந்தப் பக்கம் ரப்பர் வாசனையில் ஒரு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எழுத்து வந்தது. ஆழத்தில் பறந்த பந்து, சுவரடியில் பிடிபட்டது. அவ்வளவுதான். ஐந்து, நான்கு, ஒன்று.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் இது முடிந்துவிடும். மார்ச்சிலிருந்து இன்றுவரைக்கும் எத்தனை காலைகள், எத்தனை ஆறிப்போன காபி, எவ்வளவு பேரை எடுத்து எவ்வளவு பேரை விட்டு, கடைசியில் கோப்பை வந்தது ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக. இதை யாரும் பாராட்டப்போவதில்லை, மதினிக்கு அதிர்ஷ்டம் என்பார்கள், அவள் மட்டும் அறிந்த பெருமை இது, யாருக்கும் பங்கில்லாதது. எபனேசரின் குரல்செய்தி வந்தது, இந்தத் தடவை பின்னால் சிரிப்பில்லை. “மதினி. ஒத்துக்கிட்டேன். இவ்வளவு அழுத்தமான ஆள நான் பாத்ததில்ல.” அதை இரண்டாம் தரம் கேட்டுக்கொண்டிருந்தபோது நீலகண்டன் கூப்பிட்டார். “ஜெயிச்சிட்ட” என்றார். “ஆமா” என்றாள். அடுக்களைக் குழாய் சொட்டுகிற சத்தம் ஃபோனில் கேட்டது. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். நீங்களே வச்சுக்கிடுங்க என்ற வார்த்தை அவளுடைய தொண்டைவரைக்கும் தானாக வந்து நின்றது, கூப்பிடாமலே வருகிற வார்த்தை, ஹூஸ்டனில் அவளுக்குப் பெரிய வேலை வந்தபோதும் அதுதான் வந்தது, ரயிலில் சன்னலோரத்துக்கும் அதுதான், குழம்பில் கடைசியாக மிஞ்சுகிற மீன் துண்டுக்கும் அதுதான். எவ்வளவு சுலபமான வார்த்தை. சொன்னால் அவர் வேண்டாம் என்பார், அவள் மறுபடி சொல்லுவாள், அவர் சரி என்பார். அவள் அதை விழுங்கினாள். “மார்ச்சில ஆளு எடுக்க நானே போறேன்” என்றாள். குழாய் இரண்டு தரம் சொட்டியது. “போ” என்றார் நீலகண்டன். கொஞ்சம் இருந்து, செருமிக்கொண்டு, “நெட்டையன மட்டும் விட்டுறாதட்டி. இன்னைக்கி என்னமா எறிஞ்சான் பாத்தியா. பதினொண்ணு. அடுத்த வருஷத்துக்கும் அவனையே வச்சுக்க” என்றார். குரலில் கள்ளம் ஒன்றும் இல்லை. பாவம், நிஜமாகவே அவருக்கு இந்த விளையாட்டு தெரியவில்லை. பகவதி சிரித்தாள், குழந்தை கோப்பையோடு திரும்பிப் பார்த்தது. “பதினொண்ணு எடுத்தான்லா, இன்னைக்குத்தான் எல்லார் கண்ணும் அவன் மேல இருக்கு” என்று சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “மார்ச்சில மொத ஆளா அவன எபனேசர் அண்ணன்கிட்ட தள்ளிவிட்டுருவேன்.”